உங்களுக்குத் தெரியுமா? ஒரே விமானி, ஒரு தவறான எண்

விமானத்தின் ஆல்டிமீட்டர் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை அடிக்கணக்கில் காட்டுகிறது. அழுத்தம் ஊருக்கு ஊர் மாறும், மணிக்கு மணி மாறும். ஆகவே, அந்தந்த இடத்துக் கடல்மட்ட அழுத்தத்தைக் கேட்டறிந்து, குமிழைத் திருகி அந்த எண்ணைக் கருவியில் வைப்பது விமானியின் வேலை.

அழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று பிசகினால் உயரம் ஏறத்தாழ 28 அடி பிசகும். உண்மையைவிடக் கூடுதலான எண்ணை வைத்துவிட்டால், தாழப் பறக்கும் விமானத்தை உயரத்தில் பறப்பதாகக் கருவி காட்டும். உயிருக்கு ஆபத்து இந்தப் பிசகில்தான்.

2022 மே 23, பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையம். அழுத்தம் 1001; கட்டுப்பாட்டு அலுவலர் சொன்னது 1011. மழையில் இறங்க வந்த ஏர்பஸ் ஏ320, ஓடுபாதைக்கு முன்பாகவே தரையிலிருந்து வெறும் 6 அடி உயரம் வரை தாழ்ந்துவிட்டது. ஓடுபாதை தெரியாததால் விமானிகள் மேலே ஏறினார்கள். மறுபடி இறங்க வந்தபோதும் கருவியில் அதே தவறான எண். இம்முறை ஓடுபாதை கண்ணில் பட்டது, எல்லோரும் பிழைத்தார்கள். காக்பிட்டில் இருவர் இருந்தும் நடந்தது இது. தனியாக ஓட்டுபவருக்குப் பக்கத்தில் தவறைப் பிடிக்க யாரும் இல்லை. சிறு விமானங்கள் பலவற்றில் தரையின் தூரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரும் கிடையாது.

தனியாக ஓட்டுபவருக்குத் துணை, செய்ய வேண்டியவற்றின் பட்டியலான செக்லிஸ்ட். அது பிறந்ததே ஒரு விபத்தில்தான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில், போயிங் மாடல் 299 கிளம்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது, இருவர் இறந்தார்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லை. வால்பகுதியின் அசையும் பலகைகளைப் பிடித்துவைக்கும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகே செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிவைக்கும் பழக்கம் வேரூன்றியது. அந்த விமான வகைதான் பின்னாளில் பி-17 என்று பெயர் பெற்றது.

ஆல்டிமீட்டருக்கு வருவோம். கிளம்பும் முன் அழுத்த எண்ணை வைத்ததும், முள் அந்த விமான நிலையத்தின் உயரத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது மிக எளிய சோதனை. 75 அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கருவியை நம்பக்கூடாது என்பது அமெரிக்க நடைமுறை. இறங்கும்போது இந்தச் சோதனைக்கு வழியில்லை. வானொலியில் கேட்ட எண்ணைத் தாளில் எழுதுங்கள், திருப்பிச் சொல்லுங்கள், முன்பு கிடைத்த வானிலை அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

தனியாகப் பறக்கும் பயிற்சி விமானிகளுக்கு இன்னொன்று: செக்லிஸ்ட் வாசிக்கும்போது வானொலி குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். முதல் வரியிலிருந்து மறுபடி வாசியுங்கள்.