மென்படலங்களில் காந்தத்திசை மாற்றம்

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். 1679 இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். ஒற்றைப் படியைப் பல படியாக்கிய அப்பணியை இன்று பெரும்பாலும் கணினி வன்தட்டுக்கள் ஏற்றுள்ளன. அவற்றில் எழுத்தைத் தாங்குவது மையன்று, காந்தத்தின் திசையாகும். அத்திசை எவ்வாறு மாறுகின்றது, எவ்வாறு மாறாது நிற்கின்றது என்பதை ஈண்டு நோக்குவோம்.

வன்தட்டின் பதிவுப் படலம் கோபாற்றுக் கலப்புலோகத்தாலானது. மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்கை நனோமீற்றர் என்பர். ஏறத்தாழ எட்டு, பத்து நனோமீற்றர் அகலமுள்ள நுண்மணிகள் அப்படலத்தில் நிறைந்துள்ளன. ஒவ்வொரு மணியும் ஒரு சிறு காந்தமே. அதன் பளிங்கமைப்பில் காந்தத்திசை விரும்பிப் பொருந்தும் அச்சு ஒன்றுண்டு. அச்சின் இரு பக்கங்களும் இரு பள்ளங்களை ஒப்பன. இடையே நிற்பது ஒரு சத்தி மேடு. எதிர்ப்புலம் போதிய வலிமை பெற்றாலன்றித் திசை அம்மேட்டைக் கடவாது. பெரிய காந்தத் துண்டிலோ, எதிர்த்திசை ஓரிடத்தில் முளைகொண்டு, அதன் எல்லை நகர நகரப் பரவுகின்றது.

மேட்டின் உயரம் மணியின் கனவளவைப் பொறுத்தது. கூடுதலான செய்தியை அடக்க மணியைச் சிறிதாக்கினால் மேடு தாழும். வெப்பத்தின் அலைவே திசையைப் புரட்டிவிடும். இதனைத் தடுக்க வன்மையான பொருளைக் கொண்டால் எழுதுதல் கடினமாகும். எளிதில் எழுதவும் வேண்டும், எளிதில் அழியவும் கூடாது என்பதே இத்துறையின் தீராச் சிக்கல்.

எழுதியதை வாசிப்பதற்கு அடுக்குப் படலங்கள் உதவுகின்றன. இரு காந்தப் படலங்களுக்கிடையே காந்தமற்ற மெல்லிய படலம் ஒன்றை வைப்போம். அயற்படலம் ஒன்றினாற் பிணிக்கப்பட்டு முதலாவது அசையாது நிற்க, இரண்டாவது தட்டின் புலத்திற்கேற்பத் திரும்பும். இரண்டும் ஒரே திசையில் நின்றால் மின்தடை குறையும். எதிரெதிர் நின்றால் கூடும். அத்தடை வேறுபாடே நாம் வாசிக்கும் செய்தி. இவ்விளைவை 1988 இல் அல்பேர் பேர்ட், பீற்றர் குறூன்பேர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டு, 2007 இல் நோபல் பரிசு பெற்றனர்.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறிடத்திற் படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. காந்த மணிகளைப் புரட்டத் தீயும் வேண்டியதில்லை. காலமும் வெப்பமும் போதும். ஆகவே ஒரு தட்டில் இட்டுவிட்டோம் என அமையாது, காலந்தோறும் படியெடுத்து வெவ்வேறிடங்களில் வைத்தலே அறிவுடைமை. அடிகளாரின் மறுபதிப்பு நமக்குணர்த்துவதும் இதுவே.