விளம்பரத்தின் கடைசி வரி

1976 பிப்ரவரியில் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. 9-ஆம் தேதி கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 11-ஆம் தேதி சம ஊதியச் சட்டம். அதே ஆண்டு ஜூனில் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி முடிந்து, மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்து!

சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். அவற்றின் கீழ் மலையாளிப் பழங்குடியினர். (பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்.) ஜாகிர்தார் காட்டில் கூலியில்லாமல் உழைப்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கடமை. 'ஆட்கள் தேவை' என்று எழுதிப் போட வேண்டிய அவசியமே இல்லாத ஊர் அது. சொல்லி அனுப்பினால் ஆணும் வர வேண்டும், பெண்ணும் வர வேண்டும். இந்த மக்களுக்கு வாக்குரிமை 1996-இல்தான் கிடைத்தது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் அவர்களுடைய வாழ்நிலை குறித்த வழக்கை நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

மலையில் ஜாகிர் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1974-இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் டாட்டா குழுமத்தின் டெல்கோ நிறுவனத்தின் வேலை விளம்பரம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. படிப்பில் சிறந்த, கடின உழைப்பாளிகளான இளம் பொறியாளர்கள் வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முதுநிலை மாணவியான சுதா குல்கர்னி ஓர் அஞ்சலட்டையை எடுத்து நேராக ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே எழுதிப் போட்டார். புணேயில் நேர்காணலுக்கு வரச்சொல்லித் தந்தி வந்தது. வேலையும் கிடைத்தது. அவர்தான் பின்னாளில் சுதா மூர்த்தி. இந்தக் கதையைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிவரை கேட்டிருக்கிறோம்.

அதில் யாரும் நிறுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தாலும் சுதாவுக்கு நட்டமில்லை. வெளிநாடு போய் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் எண்ணத்தில் இருந்தவர் அவர். புகார் எழுதுவதற்கு ஓர் அஞ்சலட்டை மட்டும் போதாது, அந்த வேலை போனால் பிடித்துக்கொள்ள வேறொன்று கையில் இருக்க வேண்டும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ பிளஸ் டூ முடித்து இறங்கி வரும் பெண்ணிடம் அந்த வேறொன்று இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

அன்றைய பாகுபாட்டுக்கு ஒரு 'நேர்மை' இருந்தது என்றுகூடச் சொல்லலாம். எல்லாம் அச்சில் இருக்கும். அரசாங்கமே விதிப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்தது. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பணியில் சேர வேண்டியிருந்தது. 1979-இல் அவர் தொடுத்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். எழுதப்படாமலே இருந்த தடைகளும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி கனரக வாகன உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் படிகளில் பலமுறை ஏறி இறங்கினார். ஓட்டுநர் என்றாலே ஆண்தான் என்பது அதிகாரிகளுக்கு ஊறிப்போயிருந்தது. 1993-இல் அவருக்கு வேலை கிடைத்தது. அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு என்று 1989-இல் வந்த ஏற்பாடுதான் அவருக்குப் பிடிமானம்.

தனியார் ஆலைகளின் கதை வேறு திசையில் போனது. பெண் வேண்டாம் என்ற காலம் போய், பெண்தான் வேண்டும் என்ற காலம் வந்தது. இதை முன்னேற்றம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்றும் திருமணத் திட்டம் என்றும் வண்ணத் துண்டறிக்கை அடித்துக் கிராமங்களில் கொடுத்தன. பருவப் பெண்கள் தேவை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில். வரதட்சணைக்குப் பணம் தேடும் பெற்றோருக்கு அந்தத் தாள் வரம்போல் தெரிந்தது. இடையில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய பலருக்கு அந்த மொத்தத் தொகை வந்து சேரவில்லை. ஆலைக்குப் பெண் வேண்டியிருந்த காரணம், சங்கம் சேர மாட்டாள், விடுதிக் கதவைப் பூட்டினால் கேட்க மாட்டாள், கல்யாணம் ஆனதும் போய்விடுவாள் என்பதுதான். ஆக, 'பெண்கள் மட்டும்' என்பதும் பாகுபாடே. சேர்த்துக்கொண்டு செய்யும் பாகுபாடு.

ஆண்களுக்கும் விளம்பரம் இல்லாமல் இல்லை. மலையடிவாரத்து மேஸ்திரி வாய்மொழியாகவே ஆள் பிடிப்பார். காப்பித் தோட்டத்துக்கு, கட்டட வேலைக்கு, அதைவிட மோசமாக ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட. ஆம்பளை ஆளுக்கு ஒரு கூலி, பொம்பளை ஆளுக்கு ஒரு கூலி என்று மரவள்ளிக் காட்டில் கூச்சமில்லாமல் விலை சொல்வதும் இன்றுவரை உண்டு. அதை முதன்முதலில் பெரிய அளவில் உடைத்தது நூறு நாள் வேலைதான். 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் தொடங்கிய முதல் மாவட்டங்களில் அன்றைய விழுப்புரமும் ஒன்று. கல்வராயன் மலைப்பகுதி அடங்கிய கள்ளக்குறிச்சி அப்போது அதற்குள் இருந்தது, தனி மாவட்டமானது 2019-இல்தான். இருபாலருக்கும் ஒரே கூலி என்பதைச் சட்டப் புத்தகத்துக்கு வெளியே, ஏரிக்கரையில், இந்தப் பகுதிப் பெண்கள் கண்ணால் கண்டது அப்போதுதான்.

இனி இன்றைக்கு வருவோம்.

சுவரொட்டியின் இடத்தைப் பெரும்பாலும் வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டது. கம்பெனி வேலை, தங்குமிடம் இலவசம், வேன் வசதி உண்டு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு, பெண்கள் மட்டும், இத்தனை வயதுக்குள், திருமணமாகாதவர். கீழே ஏஜென்ட்டின் செல்பேசி எண். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கு வட மாவட்டங்களில் ஆள் சேர்ப்பது இப்படித்தான். இதன் விளைவு நாடறிய வெளிவந்தது 2024 ஜூனில். ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் விரிவான செய்தி வெளியிட்டது. விளம்பரத்தைப் பார்த்து 2023 மார்ச்சில் நேர்காணலுக்குப் போன இரண்டு சகோதரிகளை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று வாசலிலேயே காவலாளி கேட்டுத் திருப்பி அனுப்பியதாக அதில் இருந்தது. 18 முதல் 32 வயதுவரை, திருமணமாகாத பெண்கள் மட்டும் என்று ஆள்சேர்ப்பு முகவர்கள் போட்ட விளம்பரங்களும் வெளிவந்தன. சொல்லப்பட்ட காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, பிரசவம், அடிக்கடி விடுப்பு. கூடவே தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சலாம்! ஆர்டர் குவியும் நாட்களில் மட்டும் இந்த விதி தளர்த்தப்பட்டதாகவும் அதே செய்தி சொன்னது. தாலி உண்மையில் இடைஞ்சல் என்றால் அவசரத்தில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2022-இல் சில குறைகள் இருந்தன, சரிசெய்துவிட்டோம், புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் மணமான பெண்கள் என்றது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைக் காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஜூலையில் அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். 41,281 ஊழியர்களில் 33,360 பேர் பெண்கள், அவர்களில் மணமானவர்கள் 2,750 பேர், ஏறத்தாழ 8 சதவீதம் என்று கணக்கு வந்தது. உள்ளே வேலை செய்யும் மணமான பெண்கள் சிலரிடம் பேசினார்கள், பாகுபாடு இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவள் பற்றி, உள்ளே சேர்க்கப்பட்டவளிடம் விசாரணை! ஆள்சேர்ப்பு ஆவணங்களைப் புரட்டிப் பார்க்காமல் வேலையில் இருப்பவர்களின் வாக்குமூலத்தை நம்பியது சரியல்ல என்று மனித உரிமை ஆணையமே கூறி, மறுபடி விசாரிக்கச் சொன்னது.

இதற்கிடையில் விளம்பரங்கள் மாறிவிட்டன. வயது, பாலினம், திருமண நிலை, நிறுவனத்தின் பெயர் எதையும் போடக் கூடாது என்று முகவர்களுக்கு உத்தரவு போனதாக நவம்பரில் மறுபடியும் செய்தி வந்தது. புதிய வாசகத்தில் குளிரூட்டப்பட்ட வேலையிடம், இலவசப் போக்குவரத்து, உணவகம், விடுதி, மாதம் 14,974 ரூபாய். குறை சொல்ல முடியாத விளம்பரம். மணமான பெண்களை எடுக்கத் தொடங்கினார்களா என்ற கேள்விக்கு மட்டும் நிறுவனம் பதில் சொல்லவில்லை.

என் வாதத்தின் மையம் இந்த இடம். 1974-இல் கடைசி வரி அச்சில் இருந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மாணவி கேள்வி கேட்க முடிந்தது. 2024-இல் புகார் எழுந்ததும் முதலில் துடைக்கப்பட்டது அந்த வரிதான். வரி போய்விட்டால், வாசலில் கேட்கப்படும் கேள்விக்குச் சாட்சி யார்? அதனால் புகாரே வேண்டாம், விளம்பரம் வெளிப்படையாக இருப்பதே நல்லது, பஸ் செலவாவது மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, காஞ்சிபுரம் மாவட்டம்வரை போய், மெட்டியைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்படும் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இதை ஏற்க முடியாது. அந்த அச்சடித்த வரிதான் விசாரணையைக் கிளப்பியது. அது வெளியில் வந்திருக்காவிட்டால் 8 சதவீதம் என்ற எண் நமக்குத் தெரிந்தேயிருக்காது. புகார் செய்யத்தான் வேண்டும். விளம்பரத்தைத் திருத்தச் சொல்வதோடு புகார் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

யார் செய்வது என்பது அடுத்த சிக்கல். ஏஜென்ட் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், சில வேளை சொந்தக்காரர். 'மாமா, ஏன் கல்யாணம் ஆனவங்கள எடுக்கல' என்று கேட்டால் அடுத்த வேனில் தங்கைக்கு இடம் இருக்காது. பழைய சம ஊதியச் சட்டம் இதைக் கொஞ்சம் புரிந்துவைத்திருந்தது. 1987 திருத்தத்தின்படி பாதிக்கப்பட்டவரோ அங்கீகாரம் பெற்ற ஒரு நல அமைப்போ நீதிமன்றம் போகலாம். பணியமர்த்தலில் பாகுபாடு காட்டினால் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது மூன்று மாதம் முதல் ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதில் ஒரு நல்ல மாற்றம் உண்டு. பழைய சட்டம் பெண்ணுக்கு எதிரான பாகுபாட்டை மட்டும் தடுத்தது. புதியது பாலினத்தின் பேரில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆகவே 'பெண்கள் மட்டும்' என்ற வரியை மலையின் இளைஞனும் கேள்வி கேட்கலாம்.

மற்றவை சறுக்கல். முதல் தவறுக்கு இருபதாயிரம்வரை அபராதம் மட்டும், அதற்கும் முன்னால் திருத்திக்கொள்ள ஆய்வாளர் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 14,974 ரூபாய் என்று விளம்பரத்தில் சொன்ன சம்பளத்தில் ஒரு தொழிலாளியின் ஒன்றரை மாதக் கூலிகூட இல்லை இந்த அபராதம். நீதிமன்றத்தில் புகார் கொடுக்கக் கூடியவர்கள் அரசு, ஊழியர், பதிவு பெற்ற தொழிற்சங்கம், ஆய்வாளர். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவள் ஊழியரே இல்லையே! திருமண நிலை என்ற சொல்லும் தொகுப்பில் இல்லை. திருமணம் செய்ததற்காக 1988-இல் வெளியேற்றப்பட்ட ராணுவச் செவிலி அதிகாரி ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மை. ஆனால் அவரை வேலைக்கு வைத்திருந்தது அரசு. தனியார் வாசலுக்கு அந்தத் தீர்ப்பை நீட்டுவது இன்னும் நடக்கவில்லை.

இனி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இந்தக் கேள்வி எழும். இங்குள்ள உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 12 ஆண்டுகளில் 20,000 வேலை என்பது அறிவிப்பு. தமிழ்நாட்டுக் காலணி ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். மலைக்கு இதைவிடப் பக்கத்தில் இவ்வளவு பெரிய ஆலை வேலை இதுவரை வந்ததில்லை. ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் யார் பெயர் விடுபடுகிறது என்பதை இந்த மாவட்டத்துக் கல்லூரிகளும் மகளிர் குழுக்களும் தொழிற்சங்கங்களும் முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டும்.

'திருமணமாகாத', 'பெண்கள் மட்டும்', 'ஆண்கள் மட்டும்' என்ற வரியோடு ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அதைப் படம் எடுத்து, பார்த்த இடத்தையும் தேதியையும் குறித்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அழித்துவிடாதீர்கள். வேலை தேடும் பெண்ணின் பெயரைப் போட வேண்டியதில்லை, உங்கள் பெயரிலேயே மனு எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம், 1100 என்ற எண்ணில் சொல்லலாம், மாநில மகளிர் ஆணையத்துக்கு அனுப்பலாம். மனுவில் மறக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: வேலைக்கு வந்தவர்களின் பட்டியலையும் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலையும் ஆய்வாளர் எடுத்துப் பார்க்க வேண்டும்.