பிரதி வேறு, போலி வேறு

எப்பொருளுக்கு விலை ஏறுகிறதோ அப்பொருளுக்குப் போலியும் கூடவே பிறந்துவிடுகிறது. பொன்னைப் போல மின்னக் காக்காய்ப் பொன் உண்டு. முத்தைப் போல உருளக் கண்ணாடி முத்து உண்டு. நாணயத்தின் நிழலாகக் கள்ள நாணயம் உண்டு. இந்த வரிசையில் பிந்தி வந்து சேர்ந்திருப்பது பழைய பந்தய மோட்டார் வண்டி. ஒரு காலத்தில் புழுதி பறக்க ஓடி, ஓட்டம் முடிந்தபின் கொட்டகை மூலையில் துருவேறிக் கிடந்த வண்டிகள், இன்று அரசர்களின் மகுடங்களைப் போல் ஏலம் போகின்றன. ஆதலின் அவற்றைப் போலச் செய்து விற்கும் தொழிலும் செழித்து வளர்கிறது.

கோடீசுவரர்கள் ஏமாந்தால் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆயினும் இங்கே களவு போவது கோடீசுவரரின் பணம் மட்டும் அன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலைக்குக் காரணம் என்ன?

2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் கலிபோர்னியாவில் மாண்டெரே நகரில் நடந்த ஏலத்தில், இத்தாலி தேசத்துப் பெராரி கம்பெனியார் 1962-ல் செய்த '250 ஜி.டி.ஓ.' வண்டி ஒன்று 4 கோடியே 84 லக்ஷம் டாலருக்கு விலைபோயிற்று. 2022-ம் வருஷம் மே மாதத்தில், மெர்ஸிடிஸ் கம்பெனியார் தங்கள் பந்தய வண்டியை அடியொற்றி 1955-ல் இரண்டே இரண்டாகச் செய்த மூடுவண்டிகளுள் ஒன்று, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 13 கோடியே 50 லக்ஷம் யூரோவுக்கு விற்கப்பட்டது.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இவ்வளவு விலை எங்கும் இல்லை. 1962 முதல் 1964 வரை செய்யப்பட்ட ஜி.டி.ஓ. வண்டிகள் 36 தான். மோடெனா நகரில் ஸ்காலியெட்டி பட்டறைத் தொழிலாளிகள் அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி அவற்றின் உடலை உருவாக்கினார்கள். அதே வடிவத்தை இன்றும் கைதேர்ந்த தட்டான் ஒருவன் செய்துவிடக்கூடும். ஆனால் இன்னார் கையால், இன்ன வருஷத்தில், இன்ன பந்தயத்துக்காகச் செய்யப்பட்டது என்ற உண்மையை எந்தத் தட்டானாலும் செய்ய முடியாது. விலை அந்த உண்மைக்குத்தான். ஆகவே போலி செய்பவன் இரும்பைப் போலச் செய்வதோடு நிற்பதில்லை. சரித்திரத்தையும் போலச் செய்கிறான்.

மூவகை நகல்கள்

நகல்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு. அவை மூவகைப்படும். முதலாவது, 'நான் நகல்' என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் பிரதி. அர்ஜென்டினா தேசத்தில் பரானா நகரிலுள்ள பூர் ஸாங் என்ற தொழிற்சாலையார், 1924-ல் பந்தயக் களம் புகுந்த புகாட்டி 35-ம் மாதிரி வண்டியை அச்சாக அப்படியே செய்து, புதியது என்று சொல்லியே விற்கிறார்கள். கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர் 1962-ல் தொடங்கிச் செய்த கோப்ரா வண்டிகள் ஏறக்குறைய ஆயிரம். அதன் சாயலில் பிறர் செய்தவையோ பல்லாயிரம். அவற்றை வாங்குவோர் தாங்கள் வாங்குவது இன்னதென்று அறிந்தே வாங்குகிறார்கள்.

இரண்டாவது, முதலில் செய்த கம்பெனியாரே பல வருஷம் கழித்துப் பழைய மாதிரியில் புதிதாகச் செய்யும் தொடர்ச்சி வண்டி. மூன்றாவதுதான் போலி. அது நேற்றுப் பிறந்துவிட்டு, 'நான் அறுபது வருஷத்துக்கு முன் லெ மான் பந்தயத்தில் ஓடியவன்' என்று சாதிக்கும். முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேற்றுமை உலோகத்தில் இல்லை; வாய்ச்சொல்லில் இருக்கிறது.

போலி பிறக்கும் விதம்

பந்தய வண்டி, பொருட்காட்சிசாலையில் வைப்பதற்காகச் செய்யப்படுவதன்று, ஜயிப்பதற்காகச் செய்யப்படுவது. இன்று ஓடிய எஞ்ஜின் நாளை கழற்றப்படும். மோதி நசுங்கிய உடல் எறியப்பட்டு வேறு உடல் ஏறும். வளைந்துபோன சாஸிஸ் என்னும் அடிச்சட்டம் பட்டறையின் பின்புறம் போய்விழும். பருவம் முடிந்ததும் பழைய எஞ்ஜினை யாரோ மலிவு விலைக்கு வாங்கி வேறு வண்டியில் பொருத்திக்கொள்வார். அக்காலத்தில் அதைப்பற்றிக் கவலைப்பட்டவர் இல்லை.

முப்பது நாற்பது வருஷம் கழிந்து விலை ஏறும்போது கதை மாறுகிறது. ஒருவர் அந்த அடிச்சட்டத்தைக் கண்டெடுக்கிறார். மற்றொருவரிடம் எஞ்ஜின் அகப்படுகிறது. வேறொருவர் கையில் நம்பர் பொறித்த தகடு மட்டும் இருக்கிறது. மூவரும் தத்தம் துண்டைச் சுற்றி ஒரு முழு வண்டியைக் கட்டுகிறார்கள். முடிவில் ஒரே நம்பரைச் சுமந்துகொண்டு மூன்று வண்டிகள் உலகில் நடமாடுகின்றன! இவர்களுள் யாரும் பொய்யர் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் பொய்க்கு வழி திறப்பது இந்த இடத்தில்தான். ஏனெனில் நான்காமவன் ஒருவன் வருகிறான். அவனிடம் துண்டும் இல்லை, தகடும் இல்லை. எந்த வண்டி எரிந்துபோயிற்று, எது பழைய இரும்பாக உடைக்கப்பட்டது என்ற விவரம் மட்டும் இருக்கிறது. இறந்தவனின் பெயரைப் பிறந்தவனுக்குச் சூட்டுவதுபோல், அந்த நம்பரைப் புது இரும்பில் பொறித்து, உப்பு நீரும் அமிலமும் கொண்டு துருவேற்றி, தோல் ஆசனத்தைத் தேய்த்துப் பழமையாக்கி, அதற்கு ஒரு ஜாதகமும் எழுதிவிடுகிறான்.

இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. ஜி.டி.ஓ.வின் நகல்களில் சில, ஜப்பானிய டட்ஸன் வண்டியின்மேல் கண்ணாடி நார் உடலைப் போர்த்தி ஆனவை. அதனால் கெடுதல் இல்லை. வேறு சிலவோ, பெராரி கம்பெனியாரே 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் குடும்பத்தினருக்கென்று செய்த நான்கு ஆசன வண்டிகளை அறுத்து, அவற்றின் எஞ்ஜினையும் உறுப்புகளையும் கொண்டு கட்டப்பட்டவை. அந்தச் சாதாரண வண்டிகளும் அஸல் வண்டிகளே. பெரிய பெயரின் நகலுக்காகச் சிறிய பெயரின் அஸல் பலியாயிற்று!

லண்டன் நீதிபதியின் தீர்ப்பு

அப்படியானால் அஸல் என்பதற்கு இலக்கணம் என்ன? இந்தக் கேள்வி 1990-ல் லண்டன் ஹைகோர்ட்டின் முன் வந்தது. பெண்ட்லி கம்பெனியாரின் 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று செல்லப் பெயர் பெற்ற வண்டி, 1929, 1930 ஆகிய இரு வருஷங்களிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதன்மை பெற்றது. முதல் தடவை வுல்ப் பர்னாட்டோவும் டிம் பர்கினும், மறு தடவை பர்னாட்டோவும் க்ளென் கிட்ஸ்டனும் அதை ஓட்டினார்கள். பின்னர் அதில் பெரிய எஞ்ஜின் பொருத்தப்பட்டது. 1932-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் திடலில் அது பாதையின் கரையைத் தாண்டி விழுந்தது. ஓட்டிய க்ளைவ் டன்பீ உயிர் நீத்தார். சிதைவிலிருந்து மறுபடியும் ஒரு வண்டி கட்டப்பட்டது.

அந்த வண்டியை 1 கோடிப் பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், 'இது அந்த வண்டியே அன்று' என்று பின்வாங்கினார்கள். நீதிபதி ஆட்டன் உறுப்பு உறுப்பாக விசாரித்தார். 1930-ல் ஜயித்த வண்டியிலிருந்து மிதிகட்டைத் தண்டு, கியர்ப் பெட்டியின் கூடு, திருப்புத் தண்டு ஆகிய சிலவே எஞ்சியிருந்தன. ஆயினும் இந்த வண்டி ஒருநாளும் மறைந்து மறுபிறவி எடுத்ததன்று. படிப்படியாக மாறி வந்ததேயன்றி அதன் வாழ்க்கைத் தொடர் அறவில்லை. முழுதும் ஆதியில் இருந்தபடியே இருப்பது என்று சொல்ல முடியாது. எனினும் உண்மையான 'ஓல்ட் நம்பர் ஒன்' இதுவே என்று அவர் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பை ஒப்பாதவர்களும் இருக்கலாம். ஆனால் அதில் ஒரு பெரிய நன்மை விளைந்தது. எது பழையது, எது புதியது, எது எப்பொழுது மாறியது என்பதெல்லாம் பகிரங்கமாகச் சாட்சியத்தில் ஏறின. மறைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மாறிய உறுப்பு குற்றமன்று, மறைத்த மாற்றமே குற்றம் என்பது இவ்வழக்கு நமக்குத் தரும் பாடம்.

கம்பெனிகளின் நிலை

முதலில் செய்த கம்பெனிகள் இவ்விஷயத்தில் காட்டும் கடுமை எல்லாம் நியாயமென்று நாம் கருதவில்லை. மெர்ஸிடிஸ் கம்பெனியாரின் இறக்கைக் கதவு வண்டியான 300 எஸ்.எல்., 1952-ல் லெ மான் வெற்றி கண்ட பந்தய வண்டியின் வழிவந்தது. அதன் சாயலில் கண்ணாடி நாரால் செய்யப்பட்ட நகல் உடல் ஒன்றைப் பறிமுதல் செய்வித்து, 2012-ல் அக்கம்பெனியார் நசுக்கி அழித்தார்கள். ஜி.டி.ஓ.வின் வடிவம் ஒரு கலைப்படைப்பு என்று 2019-ல் இத்தாலியின் போலோன்யா நகரக் கோர்ட்டார் பெராரி கம்பெனியாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மறு வருஷமே ஐரோப்பிய வர்த்தகச் சின்ன ஆபீஸார், அவ்வடிவத்தின்மேல் பெராரிக்கு இருந்த சின்ன உரிமையை, விளையாட்டு மோட்டார்கள் நீங்கலாகப் பெரும்பாலும் ரத்துச் செய்தார்கள்.

கம்பெனியின் வியாபார உரிமை ஒன்று. சரித்திரத்தின் உண்மை மற்றொன்று. நசுக்கப்பட்ட கண்ணாடி நார் உடல் யாரையும் ஏமாற்றத் திறனற்றது. பத்தரை மாற்றுத் தங்கமென்று கூறி விற்கும் பித்தளைதான் அபாயமானது. பித்தளை என்று கூறி விற்கும் பித்தளை அன்று.

வேறு கம்பெனிகளோ தாமே பழையதைப் புதிதாகச் செய்ய முற்பட்டிருக்கின்றன. ஜாகுவார் கம்பெனியார் 1963-ல் தொடங்கிய இலேசு ரக ஈ-டைப் வண்டிகள் 18-க்குத் திட்டமிட்டு 12-உடன் நின்றன. எஞ்சிய 6-ஐயும் பழைய நம்பர் வரிசையிலேயே செய்யப்போவதாக 2014-ல் அறிவித்தார்கள். 1957 பிப்ரவரி 12-ல் கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலை தீப்பற்றியபோது ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். வண்டிகள் அழிந்தன. அந்த ஒன்பதுக்கும் ஈடாக 2016-ல் புதியன செய்ய முனைந்தார்கள். ஒவ்வொன்றின் விலையும் 10 லக்ஷம் பவுனுக்கு மேல். இவை போலி அல்ல. செய்த வருஷத்தை மறைக்கவில்லை. ஆயினும் தந்தையே செய்தாலும் புதியது புதியதே. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, நாலு கை மாறிய பின், 1963-ல் பிறந்தது எது, 2014-க்குப் பின் பிறந்தது எது என்று சொல்லக் காகிதம் ஒன்றே சாட்சி. அந்தக் காகிதம் தொலைந்தால் கம்பெனியின் நேர்மையும் அதனுடன் தொலையும்.

பிரதியின் பயன்

பிரதியே கூடாது என்பார் பேச்சு நமக்கு உடன்பாடன்று. விலைமதிப்பற்ற அஸல் வண்டியைப் பந்தயத்தில் மோதவிட யாருக்குத் துணிவு வரும்? அஸல் பெட்டகத்தில் இருக்க, பிரதிதான் வெளியே ஓடி, அதன் முழக்கத்தையும் வேகத்தையும் ஜனங்களுக்குக் காட்டுகிறது. 1971-ல் வெளிவந்த 'லெ மான்' என்ற படத்தில் நொறுங்கும் வண்டிகள் லோலா வண்டிகளுக்குப் போர்ஷே, பெராரி வேஷம் கட்டியவை. 2019-ல் வந்த போர்டு, பெராரி போட்டியைப் பற்றிய படத்திலும் பிரதிகளே ஓடின. அன்றியும் தகட்டைக் கையால் தட்டி வளைக்கும் அருந்தொழில் அழியாமல் இருப்பதற்குப் பிரதி செய்வோரும் ஒரு காரணம். வேஷம் கட்டுவது குற்றமன்று. வேஷத்தைக் கலைக்க மறுப்பதே குற்றம்.

உரைகல் எங்கே?

போலியைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. உருக்கில் நம்பர் பொறிக்கும்போது எழுத்தின் அடியிலுள்ள உலோகமும் அழுந்தி இறுகுகிறது. மேலெழுத்தை அரம் கொண்டு ராவிவிட்டாலும், தகுந்த அமிலம் பூசினால் பழைய எழுத்தின் சாயை பல வேளைகளில் தெரிந்துவிடும். பற்றவைப்பின் விதம், கலப்பு உலோகத்தின் சேர்மானம், திருகாணியின் புரி ஆகியவை செய்த காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பந்தயத்தன்று எடுத்த பழைய போட்டோவில் காணும் ஒரு தையல் ஆணியின் இடம், ஒரு தகட்டின் மடிப்பு, நூறு சாட்சிகளுக்குச் சமானம்.

ஆனால் காகிதத்தைக் கண்டு மயங்கலாகாது. பழைய வண்டிகளின் பந்தயங்களுக்காகச் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தார் கொடுக்கும் தொழில்நுட்பச் சீட்டு, வண்டியின் அமைப்பு அக்கால விதிக்கு ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே கூறும். அதன் பூர்வோத்தரத்துக்கு அது அத்தாட்சி அன்று. இந்த வேற்றுமையை அறியாதவரிடம் அதையே அத்தாட்சியாகக் காட்டி விற்க இடமிருக்கிறது. கம்பெனியின் பத்திரமும் கம்பெனியின் அபிப்பிராயமேயன்றி வேதவாக்கு அன்று.

வேண்டுவது என்ன?

நமது யோசனை எளியது. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பிரதியின் அடிச்சட்டத்திலும், செய்தவர் பெயரும் செய்த வருஷமும் எளிதில் அகற்ற முடியாதபடி பொறிக்கப்படவேண்டும். புகழ்பெற்ற பந்தய வண்டிகளின் நம்பர், உறுப்பு மாற்றம், கைமாற்றம் ஆகியவை அடங்கிய ரிஜிஸ்தர், எவரும் பார்க்கும்படி பகிரங்கமாக இருக்கவேண்டும். ஏலக் கம்பெனிகள் தங்களுக்குத் தெரிந்த சந்தேகத்தையும் விலைப் பட்டியலில் அச்சிடவேண்டும். பழைய மோட்டார் வாகனங்களின் சர்வதேசச் சங்கத்தார் 2012-ல் ஏற்ற டூரின் சாஸனம், மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கவேண்டும் என்று கூறுகிறது. சாஸனம் எழுதியவர்கள் வழி காட்டினார்கள். வியாபாரிகள் அவ்வழி நடக்கவேண்டும்.

கோடீசுவரர் ஏமாந்தால் கோர்ட்டுக்குப் போவார். பணம் திரும்பினாலும் திரும்பும். ஆனால் தகட்டைத் தட்டிய பெயரறியாத் தொழிலாளிக்கும், புரூக்லண்ட்ஸ் கரையில் விழுந்து மாண்ட ஓட்டுநருக்கும் வழக்காட யார் இருக்கிறார்கள்? அவர்கள் விட்டுப்போன ஆஸ்தி, செய்த செயலின் உண்மை ஒன்றே. ஓடாத வண்டிக்கு ஓடியதன் புகழைச் சூட்டுபவன் அந்த ஆஸ்தியைக் கொள்ளையிடுகிறான். பொய்ச் சரித்திரம் ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால், பக்கத்திலுள்ள மெய்ச் சரித்திரத்தின்மேலும் சந்தேகம் படிகிறது. பிரதிகள் பெருகட்டும், அவை தம் பிறந்த வருஷத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு பெருகட்டும்.