வண்டிக்கும் ஒரு சிட்டை வேண்டும்

கடையில் அன்றாடம் சிட்டை எழுதாத வணிகர் நம்மில் யாரும் இல்லை. வந்த சரக்கு, போன சரக்கு, ரொக்கம், கடன் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. ஆனால் பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய பிக்-அப் வண்டி, காலையில் கடையை விட்டுக் கிளம்பி இரவு திரும்பும் வரை சாலையில் என்ன நடந்தது என்பதற்கு நம்மிடம் எந்தக் கணக்கும் இல்லை. ஏதாவது நேர்ந்துவிட்டால் டிரைவர் ஒன்று சொல்வார், எதிர்த்தரப்பு வேறொன்று சொல்லும், கூடிய கூட்டம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். எது மெய் என்று தெரியாமலேயே நாம் பணத்தைக் கட்டிவிட்டு வருவோம்.

அந்தக் கணக்கை எழுதி வைக்கும் கருவிதான் டேஷ்கேம் எனப்படும் சாலைக் கேமரா. ரஷ்யாவில் விபத்துத் தகராறுகளுக்குப் பயந்து பலரும் தங்கள் கார்களில் இதைப் பொருத்தி வைத்திருந்தார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது, உலகம் பார்த்த காட்சிகளில் பல அந்தக் கேமராக்களில் பதிவானவையே. இன்று நம் ஊர்க் கடைகளிலும் சில ஆயிரம் ரூபாய்க்கு இது கிடைக்கிறது. சிதம்பரத்தில் உள்ள எங்கள் மளிகைக் கடை வண்டியில் இதில் ஒரு வகையான கண்ணாடிக் கேமராவைப் பொருத்தி இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அதில் கற்றுக்கொண்டதை நம் வணிகர்கள் அனைவரும் அறிவது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

கண்ணாடிக் கேமரா என்பது என்ன?

டிரைவரின் தலைக்கு முன்னால் உள்ள உள் கண்ணாடியின் மேல் ரப்பர் பட்டையால் மாட்டிவிடும் ஒரு நீளமான திரை இது. அதன் முன்புறம் ஒரு கேமரா சாலையைப் பார்க்கிறது. வண்டியின் பின்னால் பொருத்தும் இன்னொரு கேமரா, வயர் வழியாகப் பின்பக்கக் காட்சியைத் திரைக்கு அனுப்புகிறது. இரண்டு காட்சிகளும் நகம் அளவுள்ள மெமரி கார்டில் பதிவாகின்றன. கார்டு நிரம்பியதும் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும்.

காரில் இது ஒரு வசதி. சரக்கு வண்டியில் அவசியம். மூட்டை அடுக்கித் தார்ப்பாய் கட்டிவிட்டால் உள் கண்ணாடியில் தார்ப்பாய்தான் தெரியும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டர். முன்பு 45ஏ என்று இருந்து இப்போது 32 என்று எண் மாறிய தேசிய நெடுஞ்சாலை அது. பேருந்தும் லாரியும் விரைந்து செல்லும் அந்தச் சாலையில் வந்த வண்டி, கடைசியில் சிதம்பரத்தின் தேர் வீதிகளை ஒட்டிய சந்துகளில் பின்னோக்கி நுழைந்து சரக்கு இறக்க வேண்டும். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் தரிசன நாட்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். வண்டிக்குப் பின்னால் ஒரு குழந்தை நின்றாலும் டிரைவருக்குத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பின் கேமரா வாங்கலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, மின்சாரம். பிக்-அப், குட்டி யானை வகை வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரி. பெரிய லாரிகளில் 24 வோல்ட். கருவி எதற்கு ஏற்றது என்று பார்த்து வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வயர் ஆட்டத்தில் கழன்றுவிடும். பியூஸ் பெட்டியிலிருந்து இணைப்பு எடுப்பதே நல்லது. வண்டியின் சொந்த வயரை வெட்டி ஒட்டுவதற்கு அனுமதிக்காதீர்கள். வாரண்டிக்கும் கேடு, தீ விபத்துக்கும் வழி. பியூஸ் துளையில் செருகும் தனி இணைப்பு வயரிங் கடைகளில் கிடைக்கிறது. இரவில் நிற்கும்போதும் பதிவாக வேண்டுமானால், பாட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமுன் தானே அணையும்படி அமைக்க வேண்டும். இல்லையென்றால் விடியற்காலை லோடுக்கு வண்டி கிளம்பாது.

இரண்டாவது, பின் வயரின் நீளம். காருக்கென்று வரும் வயர் பிக்-அப் வண்டியின் கடைசிவரை எட்டாமல் போகலாம். அளந்து பார்த்து வாங்குங்கள். வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டுச் சேஸிஸ் ஓரமாகக் கட்ட வேண்டும். சைலன்சர் பக்கமோ, சுழலும் ஷாப்ட் பக்கமோ போகக் கூடாது.

மூன்றாவது, பின் கேமராவின் இடம். பின் கதவில் பொருத்தாதீர்கள். கதவைத் திறந்து இறக்கும் ஒவ்வொரு முறையும் வயர் மடியும்; மூட்டை இடித்துக் கேமராவும் உடையும். நம்பர் பலகைக்கு மேலே, அசையாத குறுக்குச் சட்டத்தில் பொருத்துவதே சரி. தூசும் தண்ணீரும் புகாத ஐ.பி. 67 தரமுள்ளதாக இருக்கட்டும். கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் லோடு ஏற்றுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் சொட்டி இணைப்பு முனையில் பச்சை பூத்துவிடும். முனைகளை நீர் புகாத டேப் சுற்றி மூட வேண்டும். ரிவர்ஸ் லைட்டிலிருந்து ஒரு வயர் கொடுத்துவிட்டால், ரிவர்ஸ் கியர் போட்டவுடன் பின்காட்சி தானாகத் திரையில் வரும்.

நான்காவது, அதிர்வு. 1911-ல் இண்டியானாபொலிஸில் நடந்த முதல் 500 மைல் கார் பந்தயத்தில் வென்ற ரே ஹாரூன், தம் காரில் பின்புறம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். செங்கல் பாவிய தளத்தில் அது அதிர்ந்துகொண்டே இருந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னாராம். நம் சாலைகளிலும் அதே கதைதான். ரப்பர் பட்டை தளர்ந்தால் படம் ஆடும். வண்டி எண்ணைப் படிக்க முடியாது. பட்டையை இறுக்கமாக மாட்டி, நைந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது, வெயில். கத்திரி நாட்களில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் கருவி கொதிக்கும். உள்ளே லித்தியம் பாட்டரி இருந்தால் உப்பிவிடும். கபாசிட்டர் வைத்த கருவி வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

அன்றாடப் பராமரிப்பு

கருவியை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. மெமரி கார்டு ஓயாமல் எழுதி அழிப்பதால் சாதாரணக் கார்டு விரைவில் கெட்டுவிடும். கேமராவுக்கென்றே வரும் நீடித்து உழைக்கும் கார்டை, பில்லோடு வாங்க வேண்டும். முன் கேமரா மட்டும் விநாடிக்கு 2 மெகாபைட் எழுதினால் மணிக்கு 7 ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும். பின் கேமராவையும் சேர்த்தால் 128 ஜி.பி. கார்டில் ஒரு நாள் ஓட்டம்தான் நிற்கும். ஆகவே ஏதாவது நடந்தால் அன்றே கார்டை எடுத்துவிட வேண்டும்.

இடி விழுந்தால் அந்தப் பகுதியை அழியாமல் பூட்டி வைக்கும் உணர்கருவி இதில் உண்டு. பள்ளமான சாலையில் அது ஒவ்வொரு குலுக்கலையும் விபத்தென்று எண்ணிப் பூட்டிக்கொண்டே போனால் கார்டு நிறைந்துவிடும். அதன் கூர்மையைக் குறைத்து வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை, வேண்டியதை எடுத்துக்கொண்டு, கருவியிலேயே கார்டைச் சுத்தமாக அழித்துப் புதிதாக்குங்கள். பின் கேமராவைத் தினமும் துணியால் துடைக்க வேண்டும். தேதி, மணி சரியா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும் நாங்கள் விட்டுவிட்டோம்.

எங்களுக்கு நேர்ந்தது

ஒரு மழைக்கால மாலை. திருப்பாதிரிப்புலியூரில் சரக்கு ஏற்றி வந்த எங்கள் வண்டி, புதுச்சத்திரம் தாண்டியதும் தார்ப்பாய்க் கயிறு தளர்ந்ததால் ஓரமாக நின்றது. சுமையாள் இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் வண்டியில் மோதியது. ஓட்டி வந்த இளைஞருக்குக் கால் முறிந்தது. டிரைவரும் சுமையாளும் 108-க்குச் சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதற்குள் கூட்டம் கூடி, வண்டி ரிவர்ஸில் வந்து இடித்தது, டிரைவர் குடித்திருந்தார் என்று சொல்லத் தொடங்கிவிட்டது.

எங்கள் டிரைவர் 11 ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர். நான் போனபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "முதலாளி, நான் பின்னால எடுக்கவே இல்லைங்க."

கார்டைப் போட்டுப் பார்த்தோம். பின் கேமராவில் சேறு அப்பியிருந்ததால் மங்கலான ஒரு வெளிச்சம் தவிர ஒன்றுமில்லை. அதைவிட மோசம், தேதி 2019 ஜனவரி என்று காட்டியது. முந்தைய வாரம் வண்டிக்குப் பாட்டரி மாற்றியபோது கருவியின் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விட்டது, யாரும் திருத்தவில்லை. தேதியில்லாத சிட்டையை யார் ஒப்புக்கொள்வார்கள்?

முன் கேமராதான் கைகொடுத்தது. எதிரே இருந்த டீக்கடைப் பலகை 50 விநாடிகள் அசையாமல் ஒரே இடத்தில் தெரிகிறது. பிறகு ஒரு குலுக்கல். வண்டி பின்னால் நகரவே இல்லை. அன்று கடலூரில் டீசல் போட்டதும் அதே கார்டில் பதிவாகியிருந்தது. டீசல் பில்லில் அச்சான மணியையும் கேமராவின் மணியையும் ஒப்பிட்டு, அங்கிருந்து நிமிடங்களை எண்ணி விபத்து நேரத்தைக் காட்டினோம். பேரேடு நேர் பார்ப்பது போன்ற வேலைதான். ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் டிரைவர் குடிக்கவில்லை என்பதும் உறுதியானது.

ஆனால் அதே பதிவு இன்னொன்றையும் காட்டியது. சாலை ஓர வெள்ளைக் கோடு பானெட்டின் நடுவே ஓடியது. அதாவது பாதி வண்டி சாலையில் நின்றிருந்தது. இண்டிகேட்டர் போட்டால் கேட்கும் டிக் டிக் சத்தமும் பதிவில் இல்லை. மழை மாலையில் விளக்குப் போடாமல் நிறுத்தியது எங்கள் தவறு.

கார்டைக் கொடுக்காமல் இருந்துவிடலாமா என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது உண்மை. வேண்டிய பக்கத்தை வைத்துக்கொண்டு வேண்டாத பக்கத்தைக் கிழித்த சிட்டைக்கு என்ன மதிப்பு? முழுக் கார்டையும் ஒப்படைத்தோம். டிரைவர் மேல் வந்த பெரிய பழி நீங்கியது. எங்கள் பங்குத் தவறுக்கு உரியது இன்ஷூரன்ஸ் வழியாக அந்த இளைஞருக்குப் போய்ச் சேர்ந்தது. நேரில் சென்று பார்த்தும் வந்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுக்க அதன் 63-ம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைக் கருவியைப் பயன்படுத்துபவரும் மற்றொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்பதற்கு அடையாளமான ஹாஷ் எண்ணும் அதில் இடம்பெறும். எனவே வாட்ஸ்அப்பில் வந்த துண்டுக் காட்சியை நம்பி இருக்காதீர்கள். விபத்து நடந்ததும் கருவியை அணைத்து, கார்டை எடுத்து, உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கார்டு செருகும் அடாப்டரில் உள்ள பூட்டுத் தாழைத் தள்ளிவிட்டால், பார்க்கும்போது தவறி எதுவும் அழியாது. போலீசில் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். அழிப்பதோ வெட்டுவதோ குற்றமாகும்.

கேமரா இருக்கிறதென்று முதல் கடமையை மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவுப்படி, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், போலீசுக்குத் தகவல் தருவதும் டிரைவரின் பொறுப்பு.

டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பொருத்துங்கள்

தன்னை வேவு பார்க்க வைத்த கருவி என்று டிரைவர் நினைத்தால், வயர் அடிக்கடி கழன்றுபோகும். பேச்சும் பதிவாகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பதிவை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் கடையில் புகாரோ விபத்தோ இல்லாமல் கார்டைப் பார்ப்பதில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். திரை வந்துவிட்டதென்று சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் நிற்பதை நிறுத்திவிடாதீர்கள். திரையில் தூரம் சரியாகத் தெரியாது. பக்கக் கண்ணாடிகளையும் விடக் கூடாது.

இப்போது எங்கள் வண்டி கிளம்புமுன் டிரைவரே பின் கேமராவைத் துடைத்து, தேதியைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறார். வழியில் நிறுத்த நேர்ந்தால் முதலில் நான்கு இண்டிகேட்டர்களும் எரிகின்றன. அன்றாடம் ஒழுங்காக எழுதிய சிட்டைக்குத்தான் கோர்ட்டிலும் மதிப்பு, நம் மனசாட்சியிடமும் மதிப்பு. கேமராவுக்கும் அதே கதைதான்.