அரை மணி நேரம்... ஒரு மேஜை... ஒரு வேலை! அமெரிக்கக் கல்லூரிகளின் நேர்காணல் திருவிழா

கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போட்டதுபோல வரிசை வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஒரு பக்கம் கல்லூரி அதிகாரிகள் இருவர். எதிரே, கோட் அணிந்த இளைஞரோ இளம்பெண்ணோ. அரை மணி நேரம் முடிந்ததும் எழுந்து, கைகுலுக்கி, அடுத்த மேஜையைத் தேடி நடக்க வேண்டும். கூடம் முழுக்க ஒரே இரைச்சல்!

மாணவர் விடுதி, மாணவர் நலன் போன்ற பிரிவுகளுக்கு ஆள் எடுக்க அமெரிக்கக் கல்லூரிகள் கூடும் வேலைவாய்ப்பு மாநாடு இது. 'தி பிளேஸ்மென்ட் எக்ஸ்சேஞ்ச்', விஸ்கான்சின் மாநிலத்தின் 'ஆஷ்காஷ் பிளேஸ்மென்ட் எக்ஸ்சேஞ்ச்' ஆகியவை இதில் பெயர்பெற்றிருந்தன. கல்வி நிர்வாகத்தில் முதுகலை முடிக்கப்போகும் மாணவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அதிகம் தேடப்படும் வேலை, விடுதி இயக்குநர். நம் ஊர் வார்டன் வேலைக்கு நெருக்கமானது.

'செய்வீர்கள்' அல்ல, 'செய்தீர்கள்'

"ரூம்மேட்கள் சண்டையை எப்படித் தீர்ப்பீர்கள்?" என்று கேட்பதைவிட, "அப்படி ஒரு சண்டையை எப்போது தீர்த்தீர்கள்?" என்று கேட்பதுதான் இங்கே வழக்கம். இதற்கு மனப்பாட பதில் உதவாது. சொந்த அனுபவத்திலிருந்து ஐந்தாறு சம்பவங்களைத் தேர்ந்தெடுத்து, சூழல் என்ன, பொறுப்பு என்ன, செய்தது என்ன, விளைவு என்ன என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழக வேண்டும். தோற்றுப்போன சம்பவம் ஒன்றும் கையில் இருக்கட்டும். அதையும் கேட்பார்கள்.

நம் பிள்ளைகள் இங்கே ஒரு விஷயத்தில் தடுக்கி விழக்கூடும். தன்னடக்கம்! 'நாங்கள் செய்தோம்' என்றே பேசிப் பழகியவர்களுக்கு, 'நான் இதைச் செய்தேன்' என்று சொல்லக் கூச்சம் வரும். ஆனால், எதிரே இருப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த 'நான்' என்ன செய்தார் என்பதைத்தான்.

ஐந்தாவது மேஜையில் குழப்பம்

ஒரே நாளில் பல நேர்காணல்கள் என்பதால், முந்தைய கல்லூரியின் பெயரை அடுத்த மேஜையில் உளறிவிடும் ஆபத்து உண்டு. கல்லூரிக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதி, உள்ளே போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அடுத்தடுத்து நேரம் ஒதுக்காமல் நடுவில் இடைவெளி விடுவது, தண்ணீர், கடிக்காத ஷூ... இவையும் தயாரிப்பில் சேரும். காத்திருக்கும் இடத்தில் மற்ற கல்லூரிகளைக் குறைசொல்லிப் பேசாமல் இருப்பது நல்லது. பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாதே!

"வேறு கேள்வி உண்டா?" என்று கடைசியில் கேட்கும்போது, "இல்லை" என்பது மோசமான பதில். இது விடுதியிலேயே தங்கும் வேலை என்பதால், வீடு எப்படி, மாதத்தில் எத்தனை இரவு அவசர அழைப்புப் பொறுப்பு, குடும்பம் உடன் தங்கலாமா என்று தயங்காமல் கேட்கலாம்.

90 நாள் கடிகாரம்

வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு கவலை. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 'ஓ.பி.டி' வேலை அனுமதிக் காலத்தில், மொத்தம் 90 நாள்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அதன்பின் ஹெச்-1பி விசாவுக்குக் கல்லூரி விண்ணப்பிக்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல்கலைக்கழகங்களுக்கு ஹெச்-1பி ஆண்டு உச்சவரம்பு கிடையாது என்றாலும், எல்லோரும் விண்ணப்பிக்க முன்வருவதில்லை. அதனால் இதை முதல் சுற்றிலேயே நேராகக் கேட்டுவிடுவது, இரு தரப்புக்கும் நேர மிச்சம்.

மேஜையிலேயே வேலை உறுதியாவது அபூர்வம். பிடித்தவர்களைக் கல்லூரிக்கே வரவழைத்து, அங்கே பேசித்தான் முடிவெடுப்பார்கள். அதற்குள், பேசிய விஷயம் ஒன்றைக் குறிப்பிட்டு நாலு வரி நன்றிக் கடிதம் அனுப்பலாம். வெறுங்கையோடு ஊர் திரும்பினால் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. அந்த அழைப்பு அடுத்த வாரம்கூட வரலாம்!