ரகரத்தை றகரமாக்கும் கணினி

கெடா மாநிலத்துக் கூலிமில் 1996ஆம் ஆண்டு உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்றது. ரப்பர்த் தோட்ட வட்டாரத்தில் நுண்சில்லுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே கணினி பூட்டும் இளைஞர் உளர். அத்தகைய கணினி ஆசிரியரின் மேசைக்கு வந்து, தேர்வுத்தாளும் மதிப்பெண் பட்டியலும் அதில் ஏறுமாயின், அதன் நினைவகத்தைப் பற்றி அவர் சிறிது அறிந்திருத்தல் நலம்.

ரேம் எனப்படும் நினைவகம் நுண்ணிய மின்கலயங்களின் தொகுதி. 8 கிகாபைட் ரேமில் 6,800 கோடிக்கு மேற்பட்ட கலயங்கள் உள்ளன. மின்னூட்டம் இருந்தால் 1, இன்றேல் 0. ஒவ்வொரு கலயமும் ஓட்டைப் பானை போன்றது. கசிவதைக் கணினி நொடிக்குப் பதினைந்து தடவையேனும் மீண்டும் நிரப்புகிறது. வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். நண்பகலில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் கணினிக்கு இது சிறு செய்தியன்று.

ஒரு கலயம் தவறினால் என்னாகும்? யுனிகோடு முறையில் ரகரத்தின் எண் 2992, றகரத்தின் எண் 2993. லகரம் 2994, ளகரம் 2995. நகரம் 2984, னகரம் 2985. இரும எண்ணில் எழுதினால் ஒவ்வோர் இணைக்கும் கடைசி இலக்கம் மட்டுமே வேறுபாடு. அவ்வொன்று புரண்டால் மரம் மறமாகும், கலை களையாகும். நம் மாணாக்கர் செய்யும் அதே பிழை! இரண்டும் அகராதிச் சொற்களாதலின் பிழைதிருத்தி கண்டுகொள்ளாது. சரியாக அவ்விடத்தில் பிழை விழுவது அரிதே. பெரும்பாலும் கணினி திடீரென நிற்கும், அல்லது நீலத்திரை காட்டும். நிற்கின்ற கணினி எச்சரிக்கையாவது செய்கிறது. சத்தமின்றி எழுத்தை மாற்றுவதே அஞ்சத்தக்கது.

நல்ல ரேமிலும் எப்போதாவது ஓர் இலக்கம் புரள்வதுண்டு. சில்லின் உறையிலிருந்த கதிரியக்கத் துகள்கள் அதைச் செய்தனவென்று இன்டெல் நிறுவனத்தின் திமத்தி மே, மர்ரே உட்ஸ் இருவரும் 1978இல் காட்டினர். பிழையைத் தானே திருத்தும் குறிமுறையை ரிச்சர்டு ஹாமிங் 1950இலேயே வெளியிட்டிருந்தார். அத்தகைய திருத்தம் உள்ள ரேம் பெருங்கணினிகளில் வழக்கம். வீட்டுக் கணினியில் பெரும்பாலும் இல்லை.

ஆயினும் அடிக்கடி நேரும் பிழைக்குக் காரணம் வேறு. உடனே புதிய ரேம் வாங்க ஓடுவது வீண் செலவு. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, காடியில் அழுந்தப் பொருத்துக. அடுத்து, பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி என்னும் உயர்வேகத்தை நிறுத்துக. பெட்டியின்மேல் அச்சிட்ட வேகம் பல வேளைகளில் பொது அளவுக்கு மிஞ்சியது. வெவ்வேறு இணைகளைக் கலந்து பூட்டுவதும் தொல்லையே. பிறகு மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலை இரவு முழுதும் ஓடவிடுக. ஒரு பிழை வந்தாலும் தேர்வில் தோல்விதான்.

பிழை வந்தால் ஒரு ரேமை மட்டும் வைத்து, ஒரே காடியில் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பிழை ரேமோடு சென்றால் குற்றம் ரேமில். எந்த ரேமை வைத்தாலும் அக்காடியிலேயே நின்றால் தாய்ப்பலகையையோ மையச் செயலியையோ ஐயுறலாம். மின்வழங்கியும் விலக்கன்று. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாமலே போகும்.

இவையெல்லாம் முடியும் வரை அக்கணினியில் எதையும் சேமிக்கலாகாது. பழைய கோப்புகளின் படியையும் அதில் எடுக்க வேண்டா. படியெடுக்கையில் எழுத்துகள் அதே நினைவகத்தின் வழியாகவே செல்கின்றன. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படி எடுக்கலாம்.