வீட்டுச் சண்டை கல்லாவுக்கு வந்தால்...
அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்று திவாலான கதை

வணிகர் இதழில் விளையாட்டுச் செய்தி எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். கடன் வாங்கிப் பிடித்த வியாபாரம், மனைவி பேரில் எழுதி வைத்த வீடுகள், சரியாகப் படித்துப் பார்க்காத பத்திரம், கடைசியில் மஞ்சள் கடிதாசி. இவை எல்லாம் நமக்குத் தெரிந்த விஷயங்கள்தாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு நேர்ந்ததும் இதுதான்.

அணியும் அதன் வியாபாரமும்

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் அப்படி. ஓர் அணியில் 9 பேர் களத்தில் இறங்குவார்கள். பந்தை அடித்தவர் நான்கு முனைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பெரிய லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள், அதில் பாதி சொந்த மைதானத்தில். நுழைவுச் சீட்டு, கார் நிறுத்தக் கட்டணம், தின்பண்டம், தொலைக்காட்சி உரிமை ஆகியவைதான் வரும்படி.

டாட்ஜர்ஸ் 1883ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தோன்றிய அணி. அங்கே ஓடிய டிராம் வண்டிகளுக்குத் தப்பி ஒதுங்கி நடந்த மக்களைக் குறித்தே இந்தப் பெயர் வந்தது. பெரிய லீகில் நெடுங்காலம் கறுப்பின வீரர்களைச் சேர்க்காமல் இருந்த வழக்கத்தை உடைத்து, 1947ல் ஜாக்கி ராபின்சனைக் களத்தில் இறக்கியது இந்த அணிதான். 1958ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. 1962ல் 56,000 பேர் அமரும் சொந்த மைதானம் திறந்தது. ஓமாலி குடும்பம் 1998 வரை அணியைக் கட்டிக் காத்தது. தலைமுறை தலைமுறையாக வாடிக்கையாளர் குறையாத பழைய கடை போன்றது இந்த அணி.

கடனில் வந்த முதலாளி

ஓமாலி குடும்பத்திடமிருந்து வாங்கிய ரூபர்ட் மர்டோக்கின் நிறுவனம், 2004ல் அணியை ஃபிராங்க் மெக்கோர்ட் என்பவருக்குச் சுமார் 43 கோடி டாலருக்கு விற்றது. மெக்கோர்ட் பாஸ்டன் நகரில் வாகன நிறுத்துமிடம் நடத்தியவர். விலையில் பெரும்பகுதி கடன். விற்றவர்களே ஒரு பகுதியைக் கடனாகக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக வைத்த பாஸ்டன் நிலம் பின்னாளில் அவர்கள் கைக்கே போனது.

அணி ஒருபுறம், மைதானத்தைச் சுற்றியுள்ள நிலம் மறுபுறம் என்று தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்து, அவற்றின் பேரிலும் கடன் வாங்கினார்கள். தம்பதிக்குச் சொகுசு வீடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்தன. மெக்கோர்ட் அணியிலிருந்து 18 கோடியே 90 லட்சம் டாலரை வெளியே எடுத்துவிட்டார் என்று லீக் நிர்வாகம் பின்னர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியது.

ஆறு பிரதி, இரண்டு வாசகம்

அணியை வாங்கிய 2004லேயே கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வியாபாரம் கணவர் பேரில், வீடுகள் மனைவி ஜேமி பேரில். தொழில் நொடித்தாலும் கடன் கொடுத்தவர்கள் வீட்டைத் தொடக்கூடாது என்பதே நோக்கம். நம்மிலும் பலர் செய்கிற ஏற்பாடுதான்.

2009 அக்டோபரில் மணமுறிவு வெளியே வந்தது. அதே மாதம், அணியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜேமியைக் கணவரே வேலையிலிருந்து நீக்கினார். அணி எனக்கே சொந்தம் என்றார் அவர். பாதி என்னுடையது என்றார் ஜேமி. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் கையெழுத்தான ஆறு பிரதிகளில் மூன்று ஒரு மாதிரியும் மூன்று வேறு மாதிரியும் இருந்தன. மூன்றின்படி அணி கணவருக்கு மட்டுமே சொந்தம்; மற்ற மூன்றின்படி அப்படி இல்லை. 2010 டிசம்பரில் நீதிபதி அந்த ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

வாடிக்கையாளர் விலகினர்

முதலாளிகள் நீதிமன்றத்தில் இருக்க, கடை கவனிப்பாரற்றுப் போனது. 2011 பருவத்தின் முதல் நாளன்று எதிரணி ரசிகர் ஒருவர் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டார். பாதுகாப்புக்குப் போதிய ஏற்பாடு இல்லை என்று ஊரே பேசியது. 2009ல் 37 லட்சத்தைத் தாண்டியிருந்த பார்வையாளர் எண்ணிக்கை, 2011ல் 30 லட்சத்துக்குக் கீழே போனது.

அந்த ஏப்ரலில் சம்பளப் பட்டுவாடாவுக்கே கைமாற்று வாங்க வேண்டிய நிலை. லீக் ஆணையர் பட் செலிக், அணியின் நிர்வாகத்தைக் கண்காணிக்கத் தம் ஆளை அனுப்பினார். மெக்கோர்ட் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றோடு நீண்ட கால ஒப்பந்தம் பேசி முன்பணத்தால் மீளப் பார்த்தார். அதில் கிட்டத்தட்ட பாதி அவர் சொந்தச் செலவுக்கும் மணமுறிவு வழக்குக்கும் போகும் என்று சொல்லி, ஜூன் 20 அன்று ஆணையர் அனுமதி மறுத்தார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 27 அன்று அணி திவால் மனு கொடுத்தது.

அமெரிக்கச் சட்டப்படி அதற்காகக் கடையை மூட வேண்டியதில்லை. நீதிமன்ற மேற்பார்வையில் வியாபாரத்தை நடத்திக்கொண்டே கடனைத் தீர்க்கலாம். பாக்கிப் பட்டியலில் முதலிடம் முன்னாள் வீரர் மேனி ராமிரெஸுக்கு, சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர். 1950 முதல் அணியின் குரலாக இருந்த வர்ணனையாளர் வின் ஸ்கல்லிக்குக்கூட ஒன்றரை லட்சம் டாலர் நின்றது. அதிக வட்டிக்கு வெளியே கடன் வாங்க மெக்கோர்ட் கேட்டபோது நீதிபதி ஒப்பவில்லை. குறைந்த வட்டிக்கு லீக் தரும் கடன் இருக்கிறதே என்றார்.

முடிவு

2011 அக்டோபரில் ஜேமி சுமார் 13 கோடி டாலர் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தார். அடுத்த மாதம் மெக்கோர்ட் அணியை விற்கச் சம்மதித்தார். 2012ல் மார்க் வால்டர், கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் உள்ளிட்ட குழுவினர் 200 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஒரு விளையாட்டு அணிக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை அது. சரியான மதிப்பு தெரியாமல் பாகம் பிரித்துவிட்டேன் என்று ஜேமி மறுபடி வழக்குப் போட்டார். 2013ல் அது தள்ளுபடியானது. புதிய நிர்வாகத்தில் அணி 2020, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடர் கோப்பையை வென்றது.

கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் வந்து சேர்ந்தது. மெக்கோர்ட்டும் பெரும் தொகையோடுதான் வெளியேறினார். அப்படியானால் இதில் பாடம் என்ன என்று கேட்கத் தோன்றும். அவரைக் காப்பாற்றியது அவர் சாமர்த்தியம் அல்ல. அவருக்கு முன்னிருந்தவர்கள் நூறாண்டுக்கு மேல் சேர்த்து வைத்த நற்பெயரும், லீகில் 30 அணிகளுக்கு மேல் இல்லை என்ற நிலையும்தான் அந்த விலையைக் கொண்டுவந்தன. நம் தெருவில் மளிகைக் கடை அப்படியல்ல. நாம் ஒரு மாதம் நொடித்தால் அடுத்த வாரமே எதிர்ச் சாரியில் புதுக் கடை திறந்துவிடும். நம் பெயருக்கு 200 கோடி கொடுக்க யாரும் வரப்போவதில்லை.

ஆகவே கடைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று இரண்டு பேரேடு வையுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று வரையறுத்து, அதற்கு மேல் கல்லாவில் கை வைக்காதீர்கள். கூட்டுப் பத்திரமோ பாகப்பிரிவினையோ, கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பிரதிகளையும் வரி விடாமல் படியுங்கள். வீட்டுக்காரம்மாவையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள். பிரிவது என்று ஆகிவிட்டால், முதலில் சரக்கு, பாக்கி, கடையின் பெயர் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டுவிட்டுப் பிறகு பிரியுங்கள்.